குளிர்காலத்தில் உடற்பயிற்சிக்கு உரிய வேளை

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து இரண்டு செல்வங்களை உடன் கொண்டு வருகின்றனர். ஒன்று, அம்மா அரைத்துக் கொடுத்த இட்லி மிளகாய்ப் பொடி. மற்றொன்று, விடியற்காலையில் எழுந்து நடப்பதோ ஓடுவதோ ஆகிய நல்ல பழக்கம். முதலாவது தீபாவளிக்குள் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது கார்த்திகை பிறந்ததும் தீர்ந்துவிடுகிறது. மிளகாய்ப் பொடியை அடுத்த பார்சலில் வரவழைக்கலாம். பழக்கத்தை எந்தப் பார்சலில் வரவழைப்பது?

இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டனர். “காலையில் எழவே முடியவில்லை, மாலையில் ஆய்வுக்கூடம் விட்டு வெளியே வந்தால் இருட்டிவிடுகிறது, பிறகு எப்போதுதான் உடற்பயிற்சி செய்வது?” என்றனர். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மன உறுதி குறைந்ததால் பயிற்சி நின்றுபோவது உண்டு. ஆனால் தில்லிக் குளிர்காலத்தில் பெரும்பாலும் அது நின்றுபோவது, நாம் அதற்குத் தேர்ந்தெடுக்கும் வேளை பொருந்தாததால்தான். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உட்கார்ந்திருப்பதன் விலை

முதலில், உடற்பயிற்சியை நான்கு மாதம் நிறுத்தி வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இதற்கு இலண்டன் மாநகரப் பேருந்துகள் விடை கூறுகின்றன. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1953-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இலண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாள் முழுதும் படியேறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆயினும் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு இதயக்குழாய் நோய் மிகுதியாக வந்தது. நடத்துநர்களுக்கு வந்தபோதும் பிந்திய வயதில் வந்தது; உயிரைக் கொண்டுபோவதும் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு இது ஒரு தொடக்கம் என்பர்.

நண்பர்களே, நாம் யார்? ஓட்டுநரா, நடத்துநரா? காலை ஒன்பதரைக்கு ஆய்வுக்கூட நாற்காலியில் அமர்கிறோம். மாலை ஐந்தரைக்கு எழுகிறோம். விடுதிக்கு வந்து ரஜாய்க்குள் புகுந்துகொண்டு மடிக்கணினியைத் திறக்கிறோம். ஐயமின்றி நாம் ஓட்டுநர் கட்சியே. நோய் இருபத்து மூன்று வயதில் வராமல் இருக்கலாம். ஆனால் முதுகுவலியும், தூக்கம் கெடுவதும், காரணமின்றி மனம் சோர்வதும் இப்போதே வருகின்றன. டிசம்பரில் தேர்வு நெருங்கும்போது ஊர் நினைவு பெருகி, “படிப்பை விட்டுவிட்டுப் போய்விடலாமா?” என்று அழும் தோழியரை விடுதியில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதற்கெல்லாம் உடற்பயிற்சி ஒன்றே மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் நாளெல்லாம் சூரியனைக் காணாமல் உட்கார்ந்திருப்பது அந்தத் துயரைக் கூட்டுகிறது என்று தயங்காமல் சொல்வேன்.

உலக நல நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடும்பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது. இவற்றோடு வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். வேகநடை மிதமான பயிற்சி, ஓட்டம் கடும்பயிற்சி. முன்னைய நெறிமுறையில், ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020-இல் அந்த விதியை எடுத்துவிட்டனர். ஐந்து நிமிடம் படியேறினாலும் கணக்கில் சேரும். வேலைநாளில் நேரம் தேடும் நமக்கு இது நல்ல செய்தி.

விடியற்காலை ஏன் ஏற்றதன்று?

ஊரில் தந்தையார் தொலைபேசியில் சொல்வார்: “காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நாலு சுற்று ஓடும்மா, எல்லாம் சரியாப் போகும்.” அவர் ஊருக்கு அது நல்ல அறிவுரை. சென்னையில் சனவரி மாதத்து விடியற்குளிர் ஏறத்தாழ 21 பாகை. தில்லியிலோ 7, 8 பாகை. சென்னையில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கிறான். தில்லியில் ஏழேகால் ஆகிறது. ஐந்து மணிக்கு எழும் தில்லி மாணவர், விடிவதற்கு இரண்டேகால் மணி நேரம் முன்பே, நள்ளிருளில் எழுகிறார் என்று பொருள்.

குளிரும் இருளுமாவது நம்மைத் தடுக்கும் அளவில் நின்றுவிடுகின்றன. காற்று அப்படியன்று, அது நம் உடலுக்குள் புகுகிறது. அதன் இயக்கத்தைச் சற்றுக் காண்போம்.

பகலில் வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி மேலெழுகிறது. அதனுடன் புகையும் தூசியும் உயரச் சென்று பரவிவிடுகின்றன. குளிர்கால இரவில் இது தலைகீழாகிறது. மேகமற்ற வானத்தின்கீழ் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்றோ சற்று வெதுவெதுப்பானது. கனத்த காற்று கீழே, இலேசான காற்று மேலே என்றால், கலப்பதற்கு வழி ஏது? பானைக்கு மூடி போட்டாற்போல் ஆகிவிடுகிறது. இதனை வெப்பத் தலைகீழ் நிலை என்பர். ஊரில் மார்கழிக் காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை மட்டத்திலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவே.

தில்லியில் அந்த மூடிக்குள் அடைபடுவது ஒரு வீட்டு அடுப்பின் புகை அன்று. வண்டிகளின் புகை, தொழிற்சாலைப் புகை, குளிர்காயக் கொளுத்தும் குப்பையின் புகை, அக்டோபர் நவம்பரில் அண்டை மாநில வயல்களில் நெல்தாள் எரிக்கும் புகை எல்லாம் அதற்குள் அடங்குகின்றன. இரவெல்லாம் சேர்ந்த அவை வெயில் ஏறி மூடி திறக்கும்வரை நம் மூக்கின் உயரத்திலேயே நிற்கின்றன. நாம் ஓடப் புறப்படும் நேரமும் அதுவே.

ஓசோன் என்னும் கதை

இவ்விடத்தில் நம்மவரிடையே வழங்கும் ஒரு கதையையும் ஆராய வேண்டும். “மார்கழி விடியலில் ஓசோன் தாழ இறங்கி வருகிறது; அதைச் சுவாசித்தால் உடலுக்கு நல்லது; அதனால்தான் முன்னோர் அதிகாலையில் கோலமிடச் சொன்னார்கள்” என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். வேதியியல் படிக்கும் எனக்கு இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை.

நம்மைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அது மார்கழிக்காக இறங்கி வருவதில்லை. நிலமட்டத்தில் உள்ள ஓசோன் வேறு. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிவதால் அது உண்டாகிறது. வெயில் இல்லாத விடியலில் அது குறைவாகவே இருக்கும். அதனைச் சுவாசிப்பது நல்லதும் அன்று. நுரையீரலை அரிக்கும் நச்சு அது. கோலம் அழகானது, விடியலின் அமைதியும் அழகானது. அவற்றுக்கு ஓசோனின் சான்றிதழ் தேவையில்லை.

மூச்சுக் கணக்கு

காற்றிலுள்ள துகள்களில் நாம் அஞ்ச வேண்டியது 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த நுண்துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். இதனைத் தடுக்க இயலாது. இது நுரையீரலின் அடிவரை செல்கிறது. ஒரு நாளின் சராசரி, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவுகோல். 2021-இல் உலக நல நிறுவனம் வகுத்த அளவுகோல் அதைவிடக் கடுமையானது, 15 மட்டுமே.

இனி ஒரு சிறு கணக்கு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். வேகநடையில் அது 25 லிட்டர் அளவுக்கும், ஓட்டத்தில் 60 லிட்டருக்கும் ஏறும் என்று கொள்வோம். விடியலில் நுண்துகள் 200 மைக்ரோகிராம், நண்பகலில் 100 என்றும் வைத்துக்கொள்வோம். விடியலில் அரைமணி நேரம் ஓடுபவர் 1,800 லிட்டர், அதாவது 1.8 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். 360 மைக்ரோகிராம் துகள் உள்ளே போகிறது. நண்பகலில் அரைமணி நேரம் நடப்பவர் இழுப்பது 0.75 கன மீட்டர். உள்ளே போவது 75 மைக்ரோகிராம். ஓட்டத்துக்கு ஈடாக ஒரு மணி நேரம் நடந்தாலும் 150-தான். ஓடியவர் இழுத்ததில் பாதிக்கும் குறைவு. எண்கள் நாளுக்கு நாள் மாறும்; கணக்கின் போக்கு மாறாது.

இது ஏட்டுக் கணக்கன்று. என் பக்கத்து அறைத் தோழி பள்ளி நாளில் மாவட்டக் கைப்பந்து அணியில் ஆடியவள். சிறுவயதில் இளைப்பு நோய் இருந்து, பிறகு அடங்கியிருந்தது. சென்ற ஆண்டு நவம்பரில் தந்தையார் சொற்படி விடியலில் ஓடத் தொடங்கினாள். நான்காம் நாள் காலை, மூச்சு விட முடியாமல் விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளிர்ந்த வறண்ட காற்றும் புகையும் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டன என்றார் மருத்துவர். மருந்தால் தேறினாள். ஆனால் அதன்பின் “எனக்கு இந்த ஊரில் விளையாட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை” என்று அறையிலேயே அடைந்துவிட்டாள். நோயைவிட அந்த அடைப்புதான் எனக்கு அச்சம் தந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு வேளை; அவ்வளவே. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சனவரியில் நண்பகல் நடையைத் தொடங்கினாள். மார்ச்சில் மறுபடியும் பந்தைத் தொட்டாள்.

நண்பகலே நல்ல வேளை

ஆகவே தில்லிக் குளிர்காலத்தில் வெளியே பயிற்சி செய்ய ஏற்ற வேளை, பொதுவாக நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை. வெயிலால் தலைகீழ் நிலை கலைந்து, காற்று உயரக் கலந்து, நுண்துகள் பெரும்பாலான நாட்களில் தாழ்ந்திருக்கும் நேரம் அது. பனிமூட்டமும் பொதுவாக அதற்குள் விலகிவிடும். வெப்பம் 20 பாகையை ஒட்டி இருக்கும். நமக்கு ஊர் நினைவு வரும் அளவு இதமாகவே இருக்கும்.

வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. ஒன்று, ஒளி. அறைக்குள் மின்விளக்கு தரும் ஒளி சில நூறு லக்ஸ். பகலில் வெளியே, வானம் மூடியிருந்தாலும், பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். நம் உடலின் உறக்கக் கடிகாரம் இந்த ஒளியைக் கொண்டே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மற்றொன்று, மாணவியராகிய எங்களுக்கு மிகவும் வேண்டியது. டிசம்பர் தொடக்கத்தில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறான். இருட்டிய பின் மரமடர்ந்த பாதையில் தனியே நட என்று எந்த அறிவுரையும் எங்களுக்குத் துணிவு தராது. பட்டப்பகலில் நால்வராக நடப்பதற்குத் துணிவே வேண்டியதில்லை.

வேலைநாளில் பொருத்துவது எங்ஙனம்?

“நண்பகலில் வேலை அல்லவா?” என்று கேட்பீர்கள். உண்மை. அதனால்தான் பயிற்சியைத் துண்டு துண்டாக்கி, நாள்தோறும் எப்படியும் நடக்கும் காரியங்களோடு கட்டிவைக்க வேண்டும். நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை. ஒரு மணிக்கு எழுந்து 20 நிமிடம் வேகநடை. அதன் பிறகே சாப்பாடு. வயிறு நிறைந்தபின் வேகநடை ஒவ்வாது. முதல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக நடந்து பிறகு வேகம் கூட்டுகிறேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்தின் அளவு. ஐந்து நாளில் 100 நிமிடம் ஆகிறது.

2. ஞாயிறு நண்பகலில் நண்பர்களுடன் 50 நிமிடம். வடக்கு வளாகத்தார்க்குப் பக்கத்திலேயே கமலா நேரு ரிட்ஜ் இருக்கிறது. ஆரவல்லித் தொடரின் வால் அது. கையில் தின்பண்டம் வேண்டாம். அங்குள்ள குரங்குகள் நம்மைவிட விரைவாக ஓடும். 100-உம் 50-உம் சேர்ந்து 150 நிமிடம் நிறைந்தது.

3. ஆய்வுக்கூடத்தில் மின்தூக்கியை மறந்துவிட வேண்டும். மைய விலக்கி தானே சுழன்று நிற்கும் 15 நிமிடத்தில் இருமுறை படியேறி இறங்கலாம். அடுப்பின்மேல் இருக்கும் சோதனையை மட்டும் விட்டுப் போகாதீர்கள்.

4. செவ்வாயும் வெள்ளியும், மாலைத் தேநீருக்குப் பின் அறைக்குள் 15 நிமிடம் வலுப்பயிற்சி.

இந்த நான்காவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம் மூன்றும் போதும். குளிரில் தசை இறுகியிருக்கும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி உடலைச் சூடாக்கிக்கொள்க. பிறகு பத்துப் பத்தாக பஸ்கியும், சுவரில் கையூன்றித் தொடங்கிப் படிப்படியாகத் தரையில் தண்டாலும் செய்க. பிள்ளையாருக்கு முன் போட்ட தோப்புக்கரணத்தைத் தேர்வு நாட்களில் மட்டும் போடாமல் வாரம் இருமுறை போட்டால் தொடை உரம்பெறும். மதிப்பெண்ணைப் பற்றி உறுதி கூற இயலாது.

எச்சரிக்கைகள் சில

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு வெளியிடும் காற்றுத் தரக் குறியீடு, முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. இந்த நிமிடத்துக் காற்றை அது காட்டாது. நடக்கப் புறப்படுமுன் அண்மைக் கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரி எண்ணைப் பார்ப்பது நல்லது. குறியீடு 300-ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’; 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’. அத்தகைய நாட்களில் நண்பகலாயினும் வெளிநடையை விடுத்து, அறைக்குள் மெதுவான பயிற்சியோடு நிறுத்திக்கொள்க. இளைப்பும் இதயநோயும் உள்ளவர்கள் இன்னும் முன்பே நிறுத்த வேண்டும். தம் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மூடிய அறையில் கரி அங்கீட்டியை எரியவிட்டுப் பயிற்சி செய்வதும் உறங்குவதும் உயிருக்கே கேடு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இதனால் உயிர்கள் போகின்றன.

குளிரில் தாகம் தோன்றாது. ஆனால் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. 8 பாகைக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 8 கிராம் நீராவியே தாங்கும்; நுரையீரலின் 37 பாகையிலோ 44 கிராம். மீதியை நம் உடலே ஈடுசெய்கிறது. ஆகவே நடைக்குப் பின் ஒரு குவளை வெந்நீர் பருகுக. தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று உடைகள் நன்று. உடல் சூடானதும் ஒன்றைக் கழற்றலாம். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு ஆய்வுக்கூடத்தில் உட்காராதீர்கள்.

நேரம் தேர முடியாதவர்

இவ்வளவும் எழுதியபின் ஒன்று மனத்தை உறுத்துகிறது. நல்ல வேளை எது என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இருக்கிறது. விசுவவித்யாலயா மெட்ரோ நிலைய வாயிலில் சைக்கிள் ரிக்‌ஷாவுடன் நிற்கும் தொழிலாளிக்கு அது இல்லை. இருவரை ஏற்றிக்கொண்டு அவர் மிதிப்பது கடும்பயிற்சி. நம் மூச்சுக் கணக்கின்படி நம்மைப்போல் பல மடங்கு காற்றை, விடியலிலும் இரவிலும், சாலையின் நடுவிலேயே இழுக்கிறார். காற்றைத் தூய்மையாக்குவது தனிமனிதப் பழக்கத்தால் முடியாது. அது அரசும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய பெரும்பணி. அறிவியல் மாணவராகிய நாம் அதைக் கேட்கவும் எழுதவும் கடமைப்பட்டவர்கள். அதுவரை சிறுபணி ஒன்றைச் செய்யலாம். விடுதித் தோட்டத்தில் சருகைக் கொளுத்தக் கண்டால், தோட்டக்காரரிடம் அன்பாகச் சொல்லி, குழியில் இட்டு உரமாக்க நாமும் கைகொடுக்கலாம்.

பிப்ரவரி பிறந்ததும் காலை இளவெயில் திரும்பும். பழைய பழக்கப்படி கிழக்கு வெளுத்ததும் ஓட விரும்புவோர் காற்றின் எண்ணைப் பார்த்து ஓடலாம். அதற்கு முன் உள்ள குளிர் வாரங்களை வீணாக்க வேண்டாம். நாளை ஒரு மணிக்கு உங்கள் துறையில் உணவு இடைவேளை வரும். பக்கத்து மேசையில் இருக்கும் நண்பரையும் எழுப்பிக்கொண்டு 20 நிமிடம் வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பாடு சற்று ஆறியிருக்கும். பசி நன்றாக இருக்கும்.